திருப்பி அடிக்க ஒரு விலாசம் வேண்டாமா?

வள்ளியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கூடங்குளம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். பயங்கரவாதிகள் கையில் அணுகுண்டு கிடைத்தால் என்ன ஆகும் என்று வீட்டில் தினமும் பேச்சு. நம்மிடமும்தான் அணுகுண்டு இருக்கிறதே, திருப்பி அடித்துவிட மாட்டோமா என்கிறேன் நான். அப்பாவோ ராதாபுரத்து முருங்கைத் தோட்டத்தை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறார். யார் சொல்வது சரி?"

தம்பி, உங்கள் கேள்விக்குள் இரண்டு பயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று கூடங்குளத்து உலை. மற்றொன்று, முகம் தெரியாத எவனோ ஒருவன் கையில் சிக்கக்கூடிய குண்டு. பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தியவன் நான். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாத மாணவரை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். முதலில் இழைகளைப் பிரித்துவிடுகிறேன், அப்பாவிடம் பிறகு வருகிறேன்.

கூடங்குளத்தில் இப்போது மின்சாரம் தருபவை தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு ரஷ்ய உலைகள். முதல் உலையில் 2013 ஜூலையிலும் இரண்டாவதில் 2016 ஜூலையிலும் ஓர் அணு பிளந்து அடுத்த அணுவைப் பிளக்கும் தொடர்வினை தொடங்கியது. மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் பிளவுக்கு உதவும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். உலைக்காக அதை 5 சதவீதத்துக்குக் கீழே செறிவூட்டுகிறார்கள். குண்டுக்கு 90 சதவீதம் அளவுக்குப் போக வேண்டும். அந்த இடைவெளியைத் தாண்ட நாடுகளே பெரிய ஆலைகளைக் கட்டிப் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கின்றன. எரிந்து முடிந்த எரிபொருளில் குண்டுக்கு உதவும் இன்னொரு பொருளான புளூட்டோனியம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதன் கதிர்வீச்சு, தடுப்பில்லாமல் கிட்டே போகிற திருடனைத்தான் முதலில் கொல்லும். அதிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரிக்கவும் தனியாக ஓர் ஆலை வேண்டும். உலையைத் தாக்கிச் சேதப்படுத்துவது என்பது வேறு அபாயம், அது இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதற்காகத்தான் இரட்டைக் கட்டடமும் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையும். ஆனால் அது உலையிலிருந்து கதிரியக்கம் கசியும் புக்குஷிமா வகைக் கேடு, குண்டு வெடித்து நகரம் அழியும் ஹிரோஷிமா வகை அன்று.

இன்னொரு டீக்கடைப் புரளியையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நம் கடற்கரைத் தாது மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, மோனசைட்டில் தோரியம் உண்டு. உடனே "மணலைக் கப்பலேற்றினவன் அணுகுண்டை அல்லவா கப்பலேற்றினான்" என்று கிளம்பிவிடுகிறார்கள். தோரியம் தானாகத் தொடர்வினை நடத்தாது. ஓர் உலைக்குள் நியூட்ரான் பட்டு அது யுரேனியம்-233 ஆக மாறினால்தான் அந்தப் பேச்சுக்கே இடம். தனியார் மணல் எடுப்பதை 2013-இல் தமிழக அரசு நிறுத்தியதற்கு உரிய காரணங்கள் இருந்தன. அணுகுண்டுப் பயம் அவற்றில் சேராது.

பயங்கரவாதி என்றதும் பேசப்படும் 'அழுக்குக் குண்டு' வேறு ரகம். சாதாரண வெடிமருந்தோடு மருத்துவமனையிலோ தொழிற்சாலையிலோ பயன்படும் கதிரியக்கப் பொருளைச் சேர்த்துத் தூவுவது. அதில் அணு பிளக்காது, ஊரும் அழியாது. வெடியில் சாகிறவர்களைவிடப் பீதியில் ஓடுகிறவர்கள் அதிகமாக இருப்பார்கள். 1987-இல் பிரேசிலின் கோயானியா நகரில் கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியிலிருந்து சீசியம்-137 எடுத்துப் பிரிக்கப்பட்டது. எந்தச் சதியும் இல்லை, பழைய இரும்பு வியாபாரம்தான். நால்வர் இறந்தார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சோதனைக்கு வரிசையில் நின்றார்கள். 2010-இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்கு ஏலத்தில் வந்த ஆய்வகக் கருவியிலிருந்த கோபால்ட்-60 ஓர் உயிரைக் குடித்தது. 1995-இல் செச்சென் போராளிகள் மாஸ்கோவின் இஸ்மாய்லோவோ பூங்காவில் சீசியம் பொட்டலம் ஒன்றைப் புதைத்துவிட்டுத் தொலைக்காட்சிக்குத் தகவல் சொன்னார்கள். அதை வெடிக்க வைக்கவில்லை. பயமுறுத்தவே அது போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உண்மையான குண்டுக்கு ஆசைப்பட்டவர்களும் உண்டு. டோக்கியோ சுரங்க ரயிலில் 1995 மார்ச்சில் சாரின் என்ற நச்சு வாயுவை விட்ட ஓம் ஷின்ரிக்கியோ என்ற ஜப்பானிய மதக் கும்பல், அதற்கு முன்பே மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பெரும் பண்ணையை வாங்கி அங்கே யுரேனியம் கிடைக்குமா என்று துழாவியது. பணமும் படித்தவர்களும் கைவசம் இருந்தும் அதனால் முடியவில்லை. 2001 ஆகஸ்டில், செப்டம்பர் 11-க்குச் சில வாரங்கள் முன்பு, பின் லாடன் இரண்டு ஓய்வுபெற்ற பாகிஸ்தான் அணு அறிவியலாளர்களைச் சந்தித்துப் பேசினார். 2007 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் பெலிண்டாபா அணு நிலையத்துக்குள் ஆயுதக் கும்பல் புகுந்தது. குண்டுக்கு உதவும் யுரேனியம் இருக்கும் இடம் அது. முக்கால் மணி நேரம் உள்ளே சுற்றி, ஒருவரைச் சுட்டுவிட்டுத் தப்பினார்கள். எதற்கு வந்தார்கள் என்பது இன்றுவரை வெளிச்சத்துக்கு வரவில்லை.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: குண்டைச் செய்வதைவிட அதற்குரிய பொருளைப் பெறுவதுதான் மலை. அந்த மலையை ஏறியவன் இதுவரை இல்லை. ஏற ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள்.

இனி உங்கள் 'திருப்பி அடித்துவிட மாட்டோமா'வுக்கு வருகிறேன். என் பதிலில் பாதி இதற்குத்தான்.

நாங்குநேரியிலிருந்து விஜயநாராயணம் பக்கம் போயிருக்கிறீர்களா? பனைகளுக்கு மேலே வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் கம்பங்களைப் பார்த்திருப்பீர்கள். ஐ.என்.எஸ். கட்டபொம்மன், இந்தியக் கடற்படையின் தகவல் தொடர்பு நிலையம். 1990 முதல் இயங்குகிறது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட வானொலி அலைகள் கடல்நீருக்குள்ளும் சில மீட்டர் ஆழம் இறங்கும். அதனால் நீர்மூழ்கிக் கப்பல் மேலே வந்து தலைகாட்டாமலே கரையின் செய்தியைக் கேட்டுக்கொள்ளலாம். எதிரி முதலில் அடித்து நம் தரைப்படைத் தளங்கள் அழிந்தாலும், கடலுக்கடியில் ஒன்று பத்திரமாக இருந்து பதிலடி தரும் என்ற ஏற்பாட்டுக்கு இப்படிப்பட்ட தொடர்பு அவசியம். 2003 ஜனவரி 4 அன்று இந்தியா வெளியிட்ட அணுக் கொள்கையின் சாரமும் அதுதான்: நாம் முதலில் பயன்படுத்த மாட்டோம். நம்மீது பயன்படுத்தினால் பதிலடி மிகப் பெரியதாக, எதிரியால் தாங்க முடியாத சேதத்தைத் தருவதாக இருக்கும்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது. எதிரிக்கு ஒரு விலாசம் உண்டு என்பதே அது. நகரம் இருக்கிறது, தலைநகரம் இருக்கிறது, இழக்கப் பிள்ளைகுட்டிகள் இருக்கிறார்கள். அதனால் அவன் அஞ்சுவான்.

நம் சீமையின் கதையிலிருந்தே சொல்கிறேனே. வீரபாண்டிய கட்டபொம்மனுக்குப் பாஞ்சாலங்குறிச்சியில் கோட்டை இருந்தது. கும்பெனிக்காரன் படையைத் திரட்டி எங்கே போக வேண்டும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கு. ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டையையும் 1801-இல் தரைமட்டமாக்கினார்கள். சரியாக 110 ஆண்டு கழித்து, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் போய்த் தன்னையே சுட்டுக்கொண்டார். உலகத்தின் மிகப் பெரிய பேரரசு அங்கே வந்து நின்றபோது இடிப்பதற்குக் கோட்டையும் இல்லை, தூக்கில் போட ஆளும் இல்லை. சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி, 14 பேர்மீது சதி வழக்குப் போட்டார்கள். (வாஞ்சியைப் பயங்கரவாதிகளோடு சேர்க்கிறேன் என்று செங்கோட்டைக்காரர்கள் என்மேல் பாய வேண்டாம். நான் பேசுவது பேரரசின் திண்டாட்டத்தை.) கோட்டை உள்ளவனைத் தண்டிக்கலாம் என்று மிரட்டலாம். சாகத் துணிந்து ரயிலேறி வருகிறவனிடம் அந்த மிரட்டல் செல்லாது.

"சரி, அவனுக்குக் குண்டைக் கொடுத்த நாடு ஒன்று இருக்குமே, அதை அடிக்கலாமே" என்பீர்கள். கொடுத்தது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கள் ஊரில் என் சிறு வயதில் ஒரு ராத்திரி வைக்கோல் படப்பு ஒன்று எரிந்துபோனது. காலையில் சாம்பலுக்குப் பக்கத்தில் பாதி கருகிய தீப்பெட்டி கிடந்தது. லேபிளைப் பார்த்ததும் கோவில்பட்டிப் பக்கத்துச் சரக்கு என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதனால் என்ன பயன்? அந்தத் தீப்பெட்டி எங்கள் ஊர் மூன்று கடையிலும் விற்றது. வாங்கினவன் ஒருவனாக இருக்கலாம், அவன் மடியிலிருந்து எடுத்தவன் இன்னொருவனாக இருக்கலாம். ஆனால் படப்புக்காரர் அன்று சாயங்காலமே, ஏற்கெனவே வரப்புத் தகராறு இருந்த பங்காளி வீட்டு வாசலில் அரிவாளோடு போய் நின்றார். அந்தப் பகை தீரப் பதினோரு வருடம் ஆனது. கொளுத்தியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

அணுத் தடயவியல் என்பது லேபிளைப் படிக்கும் அறிவியல். வெடித்த பிறகு காற்றில் மிதக்கும் தூசியையும் மண்ணில் படிந்த கண்ணாடிபோன்ற எச்சத்தையும் எடுத்து, எந்தெந்த ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள்) என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளக்கிறார்கள். யுரேனியமா புளூட்டோனியமா என்பது விரைவில் தெரிந்துவிடும். எந்த நாட்டு ஆலையில் எந்தக் காலத்தில் செய்தது என்று சொல்ல வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்க்க அந்த நாட்டின் மாதிரி முன்பே கையில் இருக்க வேண்டும். தன் ஆயுதப் பொருளின் மாதிரியை எந்த நாடு ஊருக்குக் கொடுக்கும்? 1949 ஆகஸ்ட் 29 அன்று சோவியத் யூனியன் முதல் குண்டை வெடித்தபோது, செப்டம்பர் 3 அன்று அமெரிக்க விமானம் ஒன்றின் வடிகட்டியில் அந்தத் தூசி சிக்கியது. அறிவியலாளர்கள் உறுதி செய்து, ட்ரூமன் உலகத்துக்கு அறிவித்தது செப்டம்பர் 23. அன்றைக்குச் சந்தேகப்பட ஒரே ஒரு வீடுதான் இருந்தது, அதற்கே இருபது நாள். இன்றைக்கு அணு ஆயுத நாடுகள் ஒன்பது. ஒரு நகரம் எரிந்துகொண்டிருக்கும்போது எந்தப் பிரதமர் இருபது நாள் ஆய்வக அறிக்கைக்குக் காத்திருப்பார்? காத்திருக்கத்தான் மக்கள் விடுவார்களா? என்னைத் தூங்கவிடாமல் செய்வது குண்டைவிட இந்த இருபது நாள்தான். வரப்புத் தகராறு உள்ள பங்காளி வீட்டுப் பக்கம் கால் தானாக நடந்துவிடும்.

அப்படியே ஆலையைக் கண்டுபிடித்தாலும், அது கொடுத்ததா, அங்கிருந்து களவு போனதா என்ற கேள்வி மிச்சம். பாகிஸ்தான் அணுகுண்டுத் திட்டத்தின் முக்கிய அறிவியலாளர் ஏ.க்யூ. கான் விவகாரத்தைப் பாருங்கள். அவருடைய கூட்டு வலையில் மலேசியாவில் தயாரித்த உதிரிப்பாகங்கள், துபாய்த் தரகர்கள், ஐரோப்பியப் பொறியாளர்கள் எல்லாம் இருந்தன. 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போன சரக்குக் கப்பலில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திர பாகங்கள் பிடிபட்டதும் குட்டு உடைந்தது. 2004 பிப்ரவரி 4 அன்று அவர் தொலைக்காட்சியில் தோன்றி, எல்லாம் தன் பொறுப்பே என்று மன்னிப்புக் கேட்டார். மறுநாளே அதிபர் முஷரஃப் அவரை மன்னித்துவிட்டார். தனி மனிதர் செய்தது, அரசுக்குத் தெரியாது, முடிந்தது கணக்கு. அதை நம்புகிறீர்களோ இல்லையோ, அந்த மறுப்பின் முன்னால் எவரும் குண்டு போடவில்லை என்பது வரலாறு.

நம் சொந்த அனுபவம் இதைவிடக் கூர்மையானது. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் வந்தவர்கள் பத்துப் பேர், மாண்டவர்கள் 166 பேர். ஒருவன் உயிரோடு பிடிபட்டான். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தொலைபேசி உத்தரவுகள் பதிவாகியிருந்தன. லேபிளும் கிடைத்தது, தீக்குச்சி கிழித்தவனும் கிடைத்தான். அப்படியும் அன்றைய அரசு படையை அனுப்பவில்லை. அது கோழைத்தனம் என்பாரும் உண்டு, நிதானம் என்பாரும் உண்டு. நான் இரண்டாவது கட்சி, ஆனால் அந்தச் சண்டை இங்கே வேண்டாம். 2016-க்குப் பிறகு தில்லியின் கணக்கு மாறியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் தீவிரவாத முகாமை விமானத்தால் தாக்குவதும், பல லட்சம் பேர் வாழும் நகரத்தின்மேல் அணுகுண்டு வீசுவதும் ஒரே தராசில் வராது. துப்பாக்கி விஷயத்திலேயே இவ்வளவு யோசனை என்றால், ஆதாரம் பாதியாக இருக்கும் அணு விஷயத்தில் என்ன செய்வார்கள்?

அமெரிக்காவும் இந்த முடிச்சை மிரட்டலால் அவிழ்க்கப் பார்த்தது. 2006 அக்டோபரில் வட கொரியா சோதனை நடத்தியதும், அணுப்பொருளை யாருக்காவது கைமாற்றினால் முழுப் பொறுப்பும் உன்னுடையதே என்று அதிபர் புஷ் எச்சரித்தார். 2010-இல் ஒபாமா அரசின் கொள்கை அறிக்கை, பயங்கரவாதிகளுக்குத் துணைபோகும் எந்த நாட்டையும் அதே பொறுப்புக்குள் கொண்டுவந்தது. வேண்டுமென்றே கொடுக்க நினைக்கும் ஆட்சியாளனை இது ஓரளவு தடுக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அவனுக்கு விலாசம் இருக்கிறதே! ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. கிட்டங்கியில் சரக்குக் குறைகிறது என்று காவலாளிக்குத் தெரிகிறது. உடனே சொன்னால் ஊரே சேர்ந்து தேடலாம். ஆனால், "உன் கிட்டங்கியிலிருந்து போன சரக்கால் தீப்பிடித்தால் உன் வீட்டைக் கொளுத்துவேன்" என்று ஏற்கெனவே மிரட்டி வைத்திருந்தால் அவன் வாயைத் திறப்பானா? 1990-களிலிருந்து ஐரோப்பாவிலும் ஜார்ஜியாவிலும் பிடிபட்ட ஆயுதத் தர அணுப்பொருள் பொட்டலங்களில் பெரும்பாலானவை, காணவில்லை என்று அதற்கு முன் எவரும் வாய்திறக்காதவை. 1994 டிசம்பரில் செக் குடியரசின் பிராகா நகரில் ஒரு காரில் கிடைத்த 2.7 கிலோ செறிவூட்டிய யுரேனியம் அந்த ரகம்.

விலாசம் கண்டுபிடிக்கும் சிரமத்துக்கு உள்ளூர் உதாரணம் ஒன்றும் உண்டு. 2019-இல் கூடங்குளத்தின் நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் உளவு மென்பொருள் புகுந்தது. இணையத்தோடு தொடர்புடைய கணினி அது. உலையை இயக்கும் வலையமைப்பு தனி, அதற்குப் பாதிப்பில்லை. அக்டோபர் 29 அன்று நிலையம் மறுத்தது, மறுநாள் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அந்த மென்பொருளின் சாயல் வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் கும்பலுடையது என்று தனியார் ஆய்வாளர்கள் சொன்னார்கள். சாயல்தான். ஒருவனுடைய சாயலை இன்னொருவன் பூசிக்கொள்ளவும் முடியும். அதற்காக எந்த நாட்டின் மேலும் நாம் பாயவில்லை. ஒரு நாள் மறுத்து மறுநாள் ஒப்புக்கொண்டதுதான் எனக்கு இதில் பெரிய வருத்தம். நெருக்கடி நாளில் மக்கள் யார் பேச்சை நம்புவார்கள்?

ஆகவே விவரம் தெரிந்த நாடுகள் பழிவாங்குவதைவிடப் பூட்டுப் போடுவதில்தான் அதிகம் செலவழித்திருக்கின்றன. அதில் எனக்குப் பிடித்த கதை கஜகஸ்தானுடையது. சோவியத் உடைந்த பிறகு அங்கே ஒரு தொழிற்சாலையில் ஏறத்தாழ 600 கிலோ ஆயுதத் தர யுரேனியம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1994 நவம்பரில் கஜகஸ்தான், அமெரிக்க அரசுகள் ரகசியமாகப் பேசி, அதை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டன. ஒரு குண்டும் வெடிக்கவில்லை, ஒரு வீரவசனமும் இல்லை. 2004 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1540-ஆம் தீர்மானம், இத்தகைய பொருள்கள் அரசு அல்லாதவர் கைக்குப் போகாமல் தடுக்கும் கடமையை எல்லா நாடுகளுக்கும் விதித்தது. இந்தியா 2005-இல் அதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

துறைமுகங்களில் கதிர்வீச்சு உணரும் வாயில்களும் உலகம் முழுக்க வந்திருக்கின்றன. அவற்றின் தலைவலி தனி. வாழைப்பழத்தில் பொட்டாசியம்-40 உண்டு. பீங்கான் ஓட்டிலும் தாது மணலிலும் யுரேனிய, தோரியச் சுவடு உண்டு. களக்காட்டு வாழைக்காயை ஒரு கண்டெய்னர் நிறைய ஏற்றி அனுப்பினால் அதுவும் மணியடிக்கக்கூடும். நூறு முறை வாழைக்காய்க்கு மணியடித்தால், நூற்றோராவது முறை ஊழியர் நிமிர்ந்து பார்ப்பாரா என்பதுதான் அங்கே கேள்வி. மறைத்துக் கட்டிய யுரேனியத்தைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம். அதனால்தான் பூட்டு கிட்டங்கி வாசலிலேயே இருக்க வேண்டும் என்கிறேன். துறைமுகத்துக்கு வந்துவிட்டால் பாதி தோற்றாயிற்று.

கேள்வியின் நடுவே உங்கள் வீட்டில் பேசியிருக்கக்கூடிய அயோடின் மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. அது உலை விபத்தில் வெளியேறும் கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்கும். அவ்வளவே. சீசியத்துக்கும் கோபால்ட்டுக்கும் அது பயன்படாது. அதிகாரிகள் சொன்னால் மட்டும் போடுங்கள், வாங்கி அலமாரியில் அடுக்க வேண்டாம்.

அப்பாவின் தோட்டம். கூடங்குளத்தில் குண்டு இல்லை என்று மேலே சொன்னேன். குண்டு வைக்கிறவன் கூட்டமும் காமிராவும் உள்ள பெருநகரத்தைத் தேடுவானே தவிர, ராதாபுரத்து முருங்கையைத் தேட மாட்டான். அணுவுக்குப் பயந்து விற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது, அதனால் விற்கிறேன் என்றால் அது நியாயமான பேச்சு. காற்றாலைக்காரர் யாராவது விலை கேட்டிருந்தால் பத்திரத்தை மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.